கார்புரேட்டரை மறுபடி கழற்றுவதற்கு முன்

பழைய பெட்ரோல் ஜீப்பிலும் வேனிலும் லாரியிலும் கை வைக்கிற பட்டறைத் தம்பிகளுக்கு,



கார்புரேட்டரை இறக்கி, கழுவி, புது கிட் போட்டு ஏற்றியாயிற்று. செல்ஃப் அடித்ததும் வண்டி கிளம்புகிறது. கொஞ்ச நேரத்தில் கரும்புகை. ஐட்லிங் தள்ளாடி என்ஜின் நிற்கிறது. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கிறது. ஏர் கிளீனரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் சொட்டுவது தெரிகிறது. ஓவர்ஃப்ளோ. இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: மறுபடி கழற்றுவது. இன்னொரு கிட், இன்னொரு நாள், வண்டிக்காரரின் இன்னொரு பெருமூச்சு. அப்புறம், “கார்புரேட்டர் பாடியே போச்சுங்க, டீசல் என்ஜின் வெச்சுடுங்க” என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் பழைய இரும்புக் கடைக்குப் போன நல்ல என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பெட்ரோல் எந்த நேரத்தில், எந்த வழியாக, எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்பதைக் கார்புரேட்டர் வண்டியில் இருக்கும்போதே கண்டுபிடியுங்கள். அதன் பிறகு ஸ்பானரை எடுங்கள்.

ஜீப்பை வைத்தே பேசுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டியது வில்லிஸ் எம்பி ஜீப். 1940களின் கடைசியில் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கியது அந்த வில்லிஸ் வம்சத்து வண்டிகளைத்தான். பிறகு வந்த சிஜே3பி மாடலின் பானட் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் அதிலிருந்த 134 கன அங்குல ஹரிகேன் என்ஜின், அதாவது 2.2 லிட்டர். அதில் இன்டேக் வால்வு தலைக்கு மேலே, எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்குக்குள். அமெரிக்காவில் இவற்றுக்குக் கார்ட்டர் கார்புரேட்டர். நம் பட்டறைகளுக்கு வந்தவற்றில் பலவற்றில் சோலெக்ஸ். சொல்லப்போகும் முறை இரண்டுக்கும் பொருந்தும், ஃப்ளோட் வைத்த எந்தக் கார்புரேட்டருக்கும் பொருந்தும்.

முதலில் நெருப்பைப் பற்றி. வழிகிற பெட்ரோல் சுடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழலாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் குனிய வேண்டும். பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டு ஸ்பார்க் பார்க்கிற பழக்கம் பெட்ரோல் நாற்றம் அடிக்கிற நேரத்தில் கூடவே கூடாது. தொங்கு பல்ப் வேண்டாம், டார்ச் போதும். பக்கத்தில் மணல் வாளியும் பவுடர் சிலிண்டரும் இருக்கட்டும்; பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பெட்ரோல் நிறைய இறங்கியிருக்கும் என்று தோன்றினால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் நிற்கிற திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயிலில் பெட்ரோல் இருந்தால் அது கார்புரேட்டர் வழியாகத்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் பெட்ரோல் நேராக என்ஜினுக்குள் இறங்கும். கார்புரேட்டருக்கு அதில் சம்பந்தமே இருக்காது.

இனி விசாரணை. முதல் கேள்வி, எப்போது வழிகிறது? ஓடும்போதா, நிறுத்தி வைத்த பிறகா, மேட்டில் ஏறும்போது மட்டுமா? வண்டிக்காரரைப் பேச விடுங்கள். “போடிமெட்டு ஏறுறப்ப வளைவுல வெச்சு அமுங்குதுங்க, கீழ வந்தா சரியாயிடுது” என்று ஒருவர் சொன்னால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. சமதரையில் சமாளித்துக்கொள்கிற ஃப்ளோட் மட்டம், வண்டி சாய்ந்ததும் ஜெட் வாயைத் தாண்டுகிறது. மட்டம் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். “டீ குடிச்சுட்டு வந்து அடிச்சா எடுக்க மாட்டேங்குது” என்றால் அது சூட்டின் வேலை, அதைப் பிறகு சொல்கிறேன். எந்நேரமும் வழிகிறது என்றால்தான் நீடில் வால்வு, ஃப்ளோட், பம்ப் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு செய்கிற வேலையைத்தான் ஃப்ளோட் சேம்பரும் செய்கிறது. பின்னாலிருந்து தள்ளுகிற அழுத்தம் ஒன்று, அடைக்கிற வாய் ஒன்று, எப்போது அடைப்பது என்று சொல்கிற மிதவை ஒன்று. தள்ளுவது அதிகமானாலும், வாய் ஒழுகினாலும், மிதவை மூழ்கினாலும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றேதான். கிட் போட்ட கை வாயை மட்டும்தான் மாற்றியது. மற்ற இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. கிட் மாற்றியும் நோய் போகாத வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டைத்தான்.

குற்றம் முன்னாலா பின்னாலா என்று பிரித்தறிய ஒரு பழைய மொபெட் டேங்க் போதும். அதில் கொஞ்சம் சுத்தமான பெட்ரோல் ஊற்றி, அடியில் பெட்ரோல் காக் ஒன்றும் நல்ல ஹோஸ் ஒன்றும் மாட்டி, கார்புரேட்டருக்கு அரை மீட்டர் மேலே தொங்கவிடுங்கள். பம்ப் லைனைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு இந்த ஹோஸை மாட்டுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்துப் பெட்ரோல் ஏறத்தாழ 1 பவுண்டு அழுத்தம் தரும். அரை மீட்டருக்கு அரைப் பவுண்டு. பெட்ரோல் காக்கைத் திறந்து தொண்டைக்குள் பாருங்கள். இந்தச் சின்ன அழுத்தத்துக்கே சொட்டினால் நீடிலோ சீட்டோ ஃப்ளோட்டோ குற்றவாளி. சொட்டாமல் நின்று, பம்ப் லைனை மாட்டியதும் வழிந்தால் குற்றம் பின்னால் இருக்கிறது. அப்போது கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள்.

பின்னால் என்றால் பம்பில். இந்த வயது ஜீப் கார்புரேட்டர்கள் 3 பவுண்டை ஒட்டிய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. மெக்கானிக்கல் பம்பின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது என்ஜின் வேகம் அல்ல, டயாஃப்ரத்தின் அடியில் இருக்கிற ஸ்பிரிங். பம்ப் கிட்டில் வருகிற ஸ்பிரிங் பழையதைவிட முரடாக இருந்தால் ஐட்லிங்கிலேயே நீடிலை எத்திவிடும். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரத்தையும் கம்பித் தடிமனையும் பாருங்கள். கையால் அமுக்கிப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். வண்டியில் எலக்ட்ரிக் பம்ப் வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். கடையில் கிடைப்பவற்றில் பல 4 பவுண்டிலிருந்து 7 பவுண்டு வரை தள்ளும். லைனில் ஒரு டி போட்டு கேஜ் மாட்டினால் ஊகத்துக்கு இடமில்லை. அழுத்தம் கூடியிருந்தால் ரெகுலேட்டர் வைக்கலாம், அல்லது டேங்குக்கு ரிட்டர்ன் லைன் கொடுக்கலாம். ஹோஸைக் கிளிப் போட்டு நெரித்து வைப்பது மட்டும் வேண்டாம். நெரித்த லைனிலும், ஓட்டம் நின்றதும் அழுத்தம் ஏறிப் பழைய அளவுக்கே வந்துவிடும். மேட்டில் பெட்ரோல் போதாமல் போவதுதான் மிச்சம்.

நீடில் வால்வு என்றால் ஒரு அளவைக் கட்டாயம் பாருங்கள். சோலெக்ஸ் வால்வின் மேல் துளை அளவு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும்: 1.5, 2.0 என்று. 1.5 இருந்த இடத்தில் 2.0 போட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. அதே பம்ப், அதே அழுத்தம். நீடிலைத் தள்ளும் விசை மட்டும் அவ்வளவு கூடுகிறது. ஃப்ளோட்டின் தூக்குவிசை கூடவில்லையே. பழைய வால்வு அடைத்த இடத்தில் புதியது தோற்பது இதனால்தான். “இதுவும் சோலெக்ஸ்தான், சேரும்” என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

அடுத்தது வாஷர். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சோலெக்ஸில் ஃப்ளோட் மட்டத்தைத் தீர்மானிப்பது வால்வுக்கும் மூடிக்கும் இடையே இருக்கிற வாஷரின் தடிமன். வாஷர் மெலிந்தால் வால்வு மூடிக்குள் மேலே ஏறும். அதை அடைக்க ஃப்ளோட் இன்னும் உயர வேண்டும். சேம்பரில் பெட்ரோல் மட்டம் கூடும். நெம்புகோல் நீளத்தால் அந்த வித்தியாசம் பெருகவும் செய்யும்: வாஷரில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் மட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே ஏறும். கிட்டில் வருகிற வாஷர் பழையதன் அளவில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. எடுத்த வாஷரை மைக்ரோமீட்டரிலோ வெர்னியரிலோ அளந்து எழுதி வைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். பழைய வாஷர் தூக்கி எறியப்பட்டு, அளவு யாருக்கும் தெரியாமல் போன வண்டிதான் பட்டறை பட்டறையாக அலைகிறது. கார்ட்டர் வகையில் வாஷரால் அல்ல, ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து மட்டம் வைக்க வேண்டும். எம்பி ஜீப்பின் கார்ட்டர் டபிள்யூஓவில் மூடியைக் கவிழ்த்து, பேக்கிங்கை எடுத்துவிட்டு அளந்தால் ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் இடையே 3/8 அங்குலம். வளைக்கும்போது நாக்கை நீடிலிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நீடிலின் மேல் அழுத்தி வளைத்தால் அதன் முனையில் வளையம் விழும், அன்றிலிருந்து அது ஒழுகும்.

ஒழுகுகிற வால்வுக்கு மருந்தாக மட்டத்தைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒழுகும் வால்வு எந்த மட்டத்திலும் ஒழுகும். நிரம்ப இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவே. பித்தளை சீட்டில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு நீடிலைத் தேய்ப்பதும் அப்படித்தான். அந்தத் தூள் பித்தளையில் பதிந்துகொண்டு நீடிலை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அடுப்பிலிருந்து எடுத்துத் தூரமாகக் கொண்டுவந்த வெந்நீரில் அமிழ்த்துங்கள்; ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். உள்ளே புகுந்த பெட்ரோல் முழுக்க வெளியேறி ஆவியும் போகும்வரை சால்டரிங் இரும்பை அருகில் கொண்டுபோகவே கூடாது, வெடிக்கும். ஈயம் தாராளமாக வைத்தாலும் ஃப்ளோட் கனத்துவிடும், கனத்த ஃப்ளோட் தாழ மிதக்கும், மட்டம் ஏறும். முடிந்தால் புது ஃப்ளோட்டே போடுங்கள்.

மிகப் பழைய வண்டிகளில் தக்கை ஃப்ளோட் இருக்கும். அதன் மேல் பூசியிருப்பது அரக்கு. தச்சர்கள் பாலிஷுக்காக அரக்கை ஸ்பிரிட்டில் கரைக்கிறார்கள் இல்லையா, அந்த ஸ்பிரிட்தான் இன்று நாம் ஊற்றுகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு. இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. 2025இல் நாடு முழுவதும் 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. அரக்கு கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். பேக்கிங்குக்கும் யூனியனுக்கும் ஷெல்லாக் தடவுகிற பழைய கைப்பழக்கத்தையும் இனி விட வேண்டும். கரைந்த ஷெல்லாக் பிசினாகி நீடில் சீட்டில்தான் வந்து உட்காரும்.

எத்தனால் இன்னொன்றும் செய்கிறது. பல ஆண்டுகளாக டேங்கின் அடியில் பேசாமல் படிந்திருந்த பசையையும் துருவையும் கிளப்பிவிடுகிறது. பழைய ரப்பர் ஹோஸின் உள்சுவரையும் ஊறவைத்து உரிக்கிறது. பளிச்சென்று கழுவிய கார்புரேட்டரை அழுக்கு டேங்கோடு மாட்டினால் நீடிலுக்கும் சீட்டுக்கும் இடையே ஒரே ஒரு துணுக்கு சிக்கினால் போதும், புது வால்வும் திறந்தே நிற்கும். சோதிக்க எளிய வழி: வழியும்போது ஃப்ளோட் சேம்பரை ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நின்றுபோனால் அழுக்குதான், அல்லது நீடில் சிக்கிக்கொள்கிறது. டேங்கைக் கழுவி, எத்தனால் தாங்கும் ஹோஸ் மாட்டி, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஃபில்டர் வையுங்கள். பம்புக்கு முன்னால் மட்டும் ஃபில்டர் வைத்தால் பம்பிலிருந்து உதிர்வது தடையின்றிப் போகும். இன்லெட் யூனியனில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். ஃபிளேர் வைத்த யூனியன் உலோகத்தோடு உலோகம் ஒட்டி அடைப்பது, டேப் தேவையே இல்லை. வெள்ளை நூலாகக் கிழிந்த அந்த டேப்பை நீடில் முனையிலிருந்து எடுத்திருக்கிறேன்.

இத்தனையும் சரியாக இருந்தும் என்ஜின் பெட்ரோலில் மூழ்குகிறதென்றால், பெட்ரோல் ஃப்ளோட்டைத் தாண்டி வரவில்லை, வேறு வழியில் வருகிறது. என்ஜினைப் பம்ப் லைன் இல்லாமல் சேம்பரில் இருக்கிற பெட்ரோலில் மட்டும் ஐட்லிங்கில் ஓட விடுங்கள். மட்டம் இறங்க இறங்கப் புகை நின்று என்ஜின் தெளிந்தால் குற்றம் மட்டத்தில். கடைசிவரை கரும்புகையே வந்தால் உள்ளே தேடுங்கள். சோக் தட்டு முழுக்கத் திறக்கிறதா? அனேகம் பேர் கேபிளை மறுபடி மாட்டும்போது அரைவாசி மூடியே கட்டிவிடுகிறார்கள். மெயின் ஜெட் இறுக்கப்பட்டிருக்கிறதா? ஏர் ஜெட் அடைத்திருக்கிறதா? ஆக்சிலரேட்டர் பம்பின் குண்டு அதன் இடத்தில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஓடும்போது காற்றோட்டமே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். மூடிப் பேக்கிங்கில் எல்லாத் துளைகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிட்டில் வேறு மாடலின் பேக்கிங் வந்து சேம்பரின் காற்றுத் துளையை மூடிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். மூடியை வெறிகொண்டு இறுக்கியிருந்தால் விளிம்பு வளைந்திருக்கும். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் இடைவெளி தெரியும். அதே கண்ணாடியில் எமரி தாளைப் பரப்பி, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துச் சமமாக்கலாம்.

டீக்கடை நோய்க்கு வருகிறேன். ஹரிகேன் என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டது. கார்புரேட்டர் தலையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் காற்றும் தண்ணீரும் ஓடுவது நிற்க, தலையின் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. சேம்பரில் பெட்ரோல் கொதித்து ஜெட் வழியாகப் பொங்கும். பம்புக்கும் நீடிலுக்கும் நடுவில் அடைபட்ட பெட்ரோலும் விரிந்து நீடிலைத் தள்ளித் திறக்கும். இதற்கு எத்தனை கிட் மாற்றினாலும் பயன் இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருந்த தடித்த இன்சுலேட்டர் துண்டு எங்கே என்று தேடுங்கள். ஓவர்ஹாலின்போது “இது எதுக்கு” என்று ஓரமாக வைக்கப்பட்டு, மெல்லிய பேக்கிங்கோடு ஏற்றப்பட்ட வண்டிகள் நிறைய. பக்க வால்வு எம்பி என்ஜினாக இருந்தால் மேனிஃபோல்டின் சூட்டு வால்வு துருப்பிடித்து ஒரே நிலையில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் பைப் எக்ஸாஸ்டை உரசிக்கொண்டு போனால் விலக்கிக் கட்டுங்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டர் பாடி துத்தநாகக் கலவை. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அழுக்கோடு பாடியும் அரிக்கும், வால்வு மாட்டும் மரை தளரும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு இழை பெரிதானாலும் அந்த ஜெட் பொறித்த எண்ணுக்கு உரியதாக இருக்காது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். அப்படிக் கெடுக்கப்படாத ஒரு பழைய பாடி, கடையில் பளபளக்கிற டூப்ளிகேட்டைவிட எவ்வளவோ மேல். அதைக் கழித்துவிட்டு டூப்ளிகேட் வாங்கச் சொல்வதற்கு முன் மேலே சொன்னதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஜீப்பை வைத்திருப்பவர் பெரும்பாலும் பணக்காரர் அல்ல. தோட்டத்துக்கு ஆள் ஏற்றவும் ஏலக்காய் மூட்டை இறக்கவும் அது மட்டும்தான் அவருக்கு இருக்கிறது.

சரியாகிவிட்டது என்று தோன்றியதும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். மேட்டில் மூக்கைத் தூக்கி ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை நிறுத்தி ஐட்லிங் விட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடேற்றி நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து மறுபடி அடியுங்கள். ஒரு இரவு பட்டறையிலேயே நிற்கட்டும். காலையில் தொண்டையையும் டிப்ஸ்டிக்கையும் பார்த்துவிட்டு, கழற்றிய நீடில், வாஷர், ஸ்பிரிங், ஜெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வாஷர் தடிமனையும் வால்வு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து வண்டிக்காரரிடம் கொடுங்கள். அடுத்து அந்தக் கார்புரேட்டரைத் திறக்கப் போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறை அண்ணன்